எதிரணிக்கு ஆள் இல்லை

கஜேந்தினி ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறவள். பியோர்ண்டாலில் வீடு. பதினாறு வருஷமாக அதே வேலை. எவ்வளவு பனி கொட்டினாலும் ஒருநாளும் வண்டியைக் கொண்டுபோய் எதிலும் முட்டியதில்லை என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. நாற்பத்து நாலு வயது. கலியாண வீடுகளில் மூலையில் இருந்து சாப்பிட்டுவிட்டு எழும்பி வருகிறவள். மேடைக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை.

அங்குள்ள ஈழத் தமிழர்களின் சங்கத்தில் ஆண்டுக்கொரு விவாத அரங்கு நடக்கும். போன வருஷம் ஊர்ப் போரைப் பற்றித் தலைப்பு வைத்து, பாதியிலேயே கதிரைகள் பறந்து, இரண்டு குடும்பங்கள் இன்றைக்கும் முகம் பார்ப்பதில்லை. அதனால் இந்த முறை எங்களுடைய கதை வேண்டாம், யாருடைய கதையையாவது எடுப்போம் என்று சங்கத் தலைவர் குகதாசன் முடிவெடுத்தார். அமெரிக்கா சுதந்திரம் பெற்று அடுத்த ஆண்டு இருநூற்றைம்பது வருஷம் என்று செய்திகளில் அடிபட்டுக்கொண்டிருந்தது. ‘அமெரிக்கக் குடியேற்றவாசிகள் பிரித்தானிய ஆட்சியிலிருந்து பிரிந்தது நியாயமா?’ என்று தலைப்பு வைத்தார்கள். தூரத்துச் சண்டை, பழைய சண்டை, ஒருவருக்கும் நோகாது என்று நினைத்தார்கள்.

நியாயமே என்று பேசுவதற்கு ஆறு பேர் கைதூக்கினார்கள். நியாயமில்லை என்று பேச ஒருவரும் வரவில்லை. கேட்கப்பட்ட மூன்று பேரும், பிரிந்து போனது பிழை என்று எங்கள் சனத்துக்கு முன்னால் நின்று சொல்வதா, பிறகு கடைக்குக்கூடப் போகமுடியாது என்று விலகிவிட்டார்கள். கடைசியில் கஜேந்தினியின் கணவன் இராசமோகன் அவளுடைய பெயரைக் கொடுத்தான். அவள் வேலை இடைவேளைகளில் சரித்திரப் புத்தகங்கள் வாசிக்கிறவள் என்பது அவனுக்குத் தெரியும். வீட்டில் அவள் மறுத்தபோது, இது சும்மா ஒரு விளையாட்டு, குகதாசன் அண்ணை தானே கேட்டவர், இல்லையென்று சொல்ல முடியுமா என்றான். குகதாசன் அண்ணை கேட்டு இராசமோகன் எதற்கும் இல்லையென்று சொன்னதில்லை. அவர்களுடைய கலியாணத்தைப் பேசி முடித்ததே அவர்தான்.

சரியென்று அவள் நூலகத்தில் நொர்வேஜிய மொழியில் மூன்று புத்தகங்கள் எடுத்து வந்தாள். முதலில் வரியைப் பற்றியும் தேயிலையைப் பற்றியும் வாசித்தாள். பாராளுமன்றத்தில் தங்களுக்கு ஓர் ஆசனமும் இல்லாதபோது தங்கள் மேல் வரி போட லண்டனுக்கு என்ன உரிமை என்று அந்த மனிதர்கள் கேட்டது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. விடுதலை என்று எழுதிய கைகளே அடிமைகளை வாங்கி விற்றதையும், மலைகளுக்கு அப்பாலிருந்த பூர்வ குடிகளின் நிலத்துக்கு ஆசைப்பட்டதையும் அவள் குறித்துக்கொண்டாள். எதிரணிக்கு அது போதும் என்று நினைத்தாள்.

பிறகு ஒரு பக்கம் வந்தது. பொஸ்ரன் நகரத்தில் ஒரு சுங்க அதிகாரி. அரசனின் சம்பளம் வாங்குகிறவன், வாய்த் துடுக்கும் உண்டு. நடு மாரிக் குளிரில் ஒரு கூட்டம் அவனை வீட்டிலிருந்து இழுத்து வந்து, சட்டையைக் கிழித்து, வெறும் மேலில் கொதிக்கிற தார் ஊற்றி, அதன்மேல் கோழிச் சிறகு கொட்டி, வண்டியில் ஏற்றி மணிக்கணக்காக ஊர்வலம் கொண்டுபோனது. பிள்ளைகளும் பார்க்க வந்தார்கள். தார் உரிந்தபோது தோலும் சேர்ந்து உரிந்தது. அதில் ஒரு துண்டை அவன் பெட்டியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுபோனதாகப் புத்தகம் சொன்னது. அவனைப்போல அரசன் பக்கம் நின்றவர்கள், நின்றதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள், வீடு வாசலை விட்டுக் கப்பல் ஏறினார்கள். அறுபதினாயிரம் பேர்.

கஜேந்தினி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இடைவேளை முடிய ஏழு நிமிடம் இருக்கும்போதே போய் வண்டிக்குள் ஏறி இருந்தாள்.

அவளுக்கு எட்டு வயதில் தகப்பன் இறந்தார். ஒஸ்லோவில் எல்லோருக்கும் தெரிந்த கதை, ஷெல் விழுந்து இறந்தார் என்பது. தாய் கனகம்மா அப்படித்தான் சொல்லியிருந்தாள். கஜேந்தினியும் அப்படித்தான் சொன்னாள், கணவனுக்கும், மகள் அபிஷாவுக்கும். உண்மையில் அவரைச் சுட்டது இயக்கம், தனிநாட்டுக்குப் போராடிய எங்கடை பெடியள்தான். எண்பத்தொன்பதாம் ஆண்டு. தபால் கந்தோரில் வேலை செய்தவர், ஆங்கிலம் தெரிந்தவர். அப்போது ஊரில் இந்திய இராணுவத்தின் முகாம் இருந்தது. பிடிபட்ட பிள்ளைகளைத் தேடிப் போகும் தாய்மாருக்கு மொழிபெயர்க்க அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். முகாமுக்குள் போய் வருகிறவர் என்று பெயர் வந்தது. ஒரு விடியற்காலை அவரைச் சுட்டுச் சந்தி மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். கழுத்தில் எழுதித் தொங்கவிட்ட காகித மட்டை. கஜேந்தினி பால் வாங்கப் போனவள், கூட்டத்துக்குள் புகுந்து பார்த்தாள். மட்டையில் இருந்த சொல்லை அவள் அன்றைக்குத்தான் எழுத்துக்கூட்டி வாசித்தாள். து-ரோ-கி.

விவாதம் கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமையொன்றில், பாடசாலை மண்டபத்தில் நடந்தது. குகதாசன் அந்தப் பாடசாலையில் கட்டடப் பராமரிப்பாளர் என்பதால் மண்டபத்தின் திறப்புக் கொத்து அவரிடமே இருந்தது. ஐம்பத்தெட்டு வயது, வெள்ளைச் சேட்டு, மேசையில் மணி. நடுவரும் அவரே. நியாயமே என்ற அணியின் தலைவன் அவருடைய மகன் கீர்த்தனன், ஒஸ்லோவில் பிறந்து சட்டம் படிக்கிறவன்.

அவன் நன்றாகப் பேசினான். எங்களைக் கேட்காமல் எங்களை ஆளுகிறவனுக்கு நாங்கள் ஏன் கட்டுப்படவேண்டும் என்று கேட்டான். மனுக் கொடுத்தார்கள், தூது அனுப்பினார்கள், பத்து வருஷம் பொறுத்தார்கள், அதற்குப் பிறகுதான் துவக்கு எடுத்தார்கள் என்றான். அவன் சொல்வது எந்த நாட்டைப் பற்றி என்று மண்டபத்தில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அரசனோடு நின்றவர்கள் பட்ட பாடு பற்றி எதிரணி சொல்லக்கூடும் என்று அவனே முந்திக்கொண்டு ஒன்று சொன்னான். “எதிரியோடை நிண்டவனுக்கு எதிரிக்குக் கிடைச்சதுதான் கிடைச்சது. அதையும் கணக்கிலை பார்த்துக்கொண்டிருந்தால் உலகத்திலை ஒரு நாடும் விடுதலை அடைஞ்சிராது.” கைதட்டல் நிற்க ஒரு நிமிடம் பிடித்தது. முன்வரிசையில் இருந்த கனகம்மாவும் தட்டினாள்.

கஜேந்தினி எழுதிக்கொண்டு வந்ததில் அடிமைகள் இருந்தார்கள், பூர்வ குடிகள் இருந்தார்கள். அவள் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. சுங்க அதிகாரியைப் பற்றிச் சொன்னாள். தார் எப்படிக் கொதிக்கும், எங்கே எங்கே ஊற்றினார்கள், தோல் எத்தனை நாள் உரிந்தது என்று குரலை உயர்த்தாமல் சொன்னாள். பிரிந்தது சரியோ பிழையோ, வரி கூடவோ குறையவோ, அதைப் பெரியவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும், வண்டிக்குப் பின்னால் போன பிள்ளைகள் அதைப் பார்த்த பிறகு என்ன ஆகியிருப்பார்கள் என்று தான் யோசித்ததாகச் சொன்னாள். பிறகு, “அந்த ஆளுக்கு ஒரு மகள் இருந்திருந்தால், விடுதலை கிடைச்ச நாளிலை அவள் வெடி கொளுத்தியிருப்பாளோ?” என்று கேட்டாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல், இழுத்து நிதானமாக வந்தது.

“அவவுக்கு அது விளங்கும்தானே. தேப்பனும் லைட் போஸ்டிலை தொங்கினவர்.”

சிலர் சிரித்தார்கள். சிலர் திரும்பிப் பார்த்துவிட்டு, சொன்னவர் யாரென்று கண்டு, அவர் கஜேந்தினியின் ஊர்க்காரர் என்பதால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல மறுபடி மேடையைப் பார்த்தார்கள். கஜேந்தினி நடுவரைப் பார்த்தாள். அவர் ஒரு சொல் சொன்னால் போதும், அடக்கிவிடலாம். குகதாசன் மணியை அடித்தார். “நேரம் முடிஞ்சுது பிள்ளை,” என்றார்.

முடிவை நடுவர் சபையிடமே விட்டார். நியாயமே என்கிறவர்கள் கைதூக்கச் சொன்னார். கைகள் எழும்பின. இராசமோகன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்துவிட்டுத் தோள் மட்டத்துக்குத் தூக்கினான். கனகம்மா முழங்கை மடங்காமல் நேராகத் தூக்கி, எண்ணி முடியும் வரை இறக்காமல் வைத்திருந்தாள். எதிராக ஏழு பேர். அபிஷா இரண்டு தடவையும் கைதூக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது இராசமோகன் கேட்டான். உண்மையா என்று கேட்டான், ஓம் என்றாள். இருபத்திரண்டு வருஷம் தன்னோடு பொய்யில் குடும்பம் நடத்தியிருக்கிறாய் என்றான். தெரிந்திருந்தால் கட்டியிருப்பீர்களா என்று அவள் கேட்டாள். அவன் உள்ளே போய்த் தொலைக்காட்சியைப் போட்டான். அதுவே பதில்.

பதினேழு வயது அபிஷா வேறொன்று கேட்டாள். “அம்மப்பா என்ன செய்தவர்?”

“மொழிபெயர்த்தவர்.”

“அதுக்கு ஆரும் சுடுவினமோ? வேற ஏதும் செய்திருப்பார்தானே.”

மகள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நொர்வேயில் வளர்ந்த பிள்ளை, தண்டனை இருந்தால் குற்றம் இருக்கும் என்று நம்புகிறது. முப்பத்தாறு வருஷமாகக் கஜேந்தினியும் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். வேறு ஏதும் செய்திருப்பாரோ.

அதற்குப் பிறகு சங்கத்து வட்ஸ்அப் குழுவிலிருந்து அவளுடைய இலக்கம் காணாமல் போனது. அபிஷா ஆண்டு விழாவில் ஆட இருந்த நடனத்துக்கு நேரம் போதாது என்று அறிவித்தார்கள். ஒரு காலைச் சேவையில் தமிழ் மனிசி ஒருத்தி வண்டி நின்றதும் ஏறவந்து, ஓட்டுகிறவளைக் கண்டு, காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குக் காத்து நின்றாள். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு பாகை.

இரண்டு கிழமை கழித்து, குகதாசனிடம் போய் மன்னிப்புக் கேள் என்று கனகம்மா மகளுக்குச் சொன்னாள். எதற்கு என்று கஜேந்தினி கேட்டாள். சபையில் அவனைச் சங்கடப்படுத்தினாய் என்றாள் தாய். மகள் மறுத்ததும், தானே பயத்தம் பணியாரம் சுட்டு, பெட்டியில் அடுக்கி, பேருந்து ஏறிப் போய் அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். எழுபது வயது மனிசி, முழங்கால் வருத்தத்தோடு, பனி மேட்டில் ஏறி.

கஜேந்தினி வேலையால் வந்தபோது தாய் குசினியில் எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் கதவில் சாய்ந்து நின்று, என்னத்துக்காக அந்த மனிதனின் காலில் விழுகிறாய் என்று கேட்டாள்.

“அவன் இல்லாட்டி நீ இஞ்சை இல்லை. உனக்கு மாப்பிளை பார்த்தவன் ஆர்? தம்பியை இஞ்சை எடுப்பிச்சவன் ஆர்?”

“சும்மா ஏன் செய்தவர்? நாங்கள் அவருக்குச் சொந்தமோ?”

கனகம்மா சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு தண்ணீரை நிறுத்தாமலே, சாமான் விலை சொல்வதுபோலச் சொன்னாள். அந்த வருஷம் இருபத்திரண்டு வயதுக் குகதாசனை இந்திய இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அவனுடைய தாய் இவர்கள் வீட்டு வாசலில் வந்து கிடந்து அழுதாள். கஜேந்தினியின் தகப்பன் மூன்று நாள் முகாமுக்கு நடந்து, பேசி, அவனை எடுத்துக்கொண்டு வந்தார். வெளியே வந்தவனை இயக்கம் கூப்பிட்டு, எல்லோரும் உள்ளே கிடக்க நீ மட்டும் எப்படி வந்தாய், யாரைக் காட்டிக் கொடுத்தாய் என்று விசாரித்தது. தன்னை எடுத்தவரின் பெயரை அவன் சொன்னான். முகாமில் அவருக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்கள் என்றும் சொன்னான். மட்டையையும் அவனைக்கொண்டே எழுதுவித்தார்கள். ஊர் வாசிகசாலைக்குப் பலகை எழுதுகிறவன் அவன்தான். “அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதோ?” என்றாள் கனகம்மா.

“தெரிஞ்சுகொண்டு அவர் பார்த்த மாப்பிளைக்கு என்னைக் கட்டிக் குடுத்தனியோ?”

“ரெண்டு பிள்ளையள். ஒருத்தரும் எங்கடை படலை திறக்கேல்லை. கடைக்காரன் சாமான் தரமாட்டான். பத்து வருஷம் கழிச்சு அவன் ஒருத்தன்தான் கடிதம் போட்டவன். நான் என்ன, அதைக் கிழிச்சுப் போட்டிட்டு உங்களைப் பட்டினி போடுறதோ?”

“அண்டைக்கு ஏன் கையைத் தூக்கினனி?”

தாய் மகளை நிமிர்ந்து பார்த்தாள். “தூக்காட்டி என்னையும் பார்ப்பினம்,” என்றாள்.

அடுத்த நாள் பகல் கஜேந்தினி பாடசாலைக்குப் போனாள். குகதாசன் கீழ்த்தளப் பட்டறையில் உடைந்த மேசைக் காலொன்றுக்கு ஆணி இறுக்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. மறுக்கவில்லை. இருக்கச் சொன்னார், அவள் இருக்கவில்லை. எழுதச் சொன்னார்கள் எழுதினேன், எழுதாவிட்டால் எனக்கும் வேறொருவன் மட்டை எழுதியிருப்பான் என்றார். அதை அவள் எதிர்பார்த்துத்தான் வந்தாள். அழுவார் என்றும் எதிர்பார்த்தாள். அவர் அழவில்லை.

“ஒண்டு சொல்லுறன் பிள்ளை, கேள். நடந்தது சரியான வேலைதான். கொப்பர் கெட்ட மனிசன் எண்டு நான் சொல்லேல்லை. அந்த நேரம் முகாமுக்குப் போய் வாறவனை விட்டு வைச்சிருந்தால் ஆயிரம் பேர் போயிருப்பாங்கள். ஒரு போராட்டத்திலை அது நடக்கும்.” ஆணியை உள்ளங்கையில் உருட்டினார். “அது பிழை எண்டு நான் நினைக்கத் தொடங்கினால், பிறகு நான் எப்பிடிச் சாப்பிடுறது, எப்பிடி நித்திரை கொள்ளுறது?”

அவள் படியேறினாள். வெளியே வந்து, நெடுநேரம் பாடசாலை முற்றத்தில் நின்றாள். மஞ்சள் சட்டை போட்ட சின்னப் பிள்ளைகள் பனியில் சறுக்கி விழுந்து எழும்பிக்கொண்டிருந்தார்கள்.

மார்கழியில் ஒருநாள் பின்னேரம் கீர்த்தனன் அவளுடைய பேருந்தில் ஏறினான். கடைசித் தரிப்பில் எல்லோரும் இறங்கியும் அவன் இறங்கவில்லை. அங்கே எட்டு நிமிடம் வண்டி நிற்கும். அவன் முன்னுக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பேசினான். “அன்ரி, அண்டைக்கு அந்த ஆள் சொன்னது சரியான பிழை. அப்பா நிப்பாட்டியிருக்கவேணும். நான் சொன்னதும்... உங்கடை கதை தெரிஞ்சிருந்தால் நான் அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அவ்வளவு சனத்திலும் மன்னிப்புக் கேட்டு வந்தவன் அவன் ஒருவன்தான். பரவாயில்லைத் தம்பி என்று சொல்லி அவனை இறக்கிவிட்டிருக்கலாம். கஜேந்தினி அவனுடைய முகத்தைப் பார்த்தாள். தகப்பனின் நெற்றி, தகப்பனின் மூக்கு. அவனிடமிருந்து அவனுடைய தகப்பனைப் பறிக்கக்கூடியது தன்னிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு அவளால் விடமுடியவில்லை, விட விருப்பமும் இல்லை.

“அப்பாட்டைக் கேளும், மட்டை எழுதினது ஆர் எண்டு,” என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அவனுடைய அப்பம்மா வாசலில் கிடந்து அழுததிலிருந்து தொடங்கினாள். கதிரையையும் தேத்தண்ணியையும் விடவில்லை. அவன் இடையில் ஒரு தடவை, “அப்பா அப்பிடி ஆள் இல்லை,” என்றான். அவள் நிறுத்தி, அவன் சொல்லி முடிக்க விட்டு, மறுபடி தொடர்ந்தாள். அவன் உதடு நடுங்கத் தொடங்கியபோது அவளுக்குள் ஒரு சூடு பரவியது. அது இன்பம் என்று பிறகு ஒருநாள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். எட்டு நிமிடம் முடிந்ததும் கதவைத் திறந்து, இறங்கும் என்றாள். கண்ணாடியில் பார்த்தபோது அவன் தொப்பியைப் போடாமல் அதே இடத்தில் நின்றான்.

தைமாதம் முடியுமுன் கீர்த்தனன் படிப்பை மாற்றிக்கொண்டு துரொண்ட்ஹெய்முக்குப் போய்விட்டான். தகப்பனின் அழைப்பை எடுப்பதில்லை. தாய் பேசினால், அவர் பக்கத்தில் நிற்கிறாரா என்று முதலில் கேட்பானாம். குகதாசன் தலைவர் பதவியை விட்டார். வேலைக்கும் ஒழுங்காகப் போவதில்லை, சவரம் செய்வதில்லை என்று இராசமோகன் வந்து சொன்னான். மனைவிக்குச் சொல்வதுபோல அல்லாமல், சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னான். அவன் கஜேந்தினியைப் பிரியவில்லை. பிரிவதற்கும் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது.

மட்டை எழுதியது யார் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சனத்தின் பேச்சு மாறவில்லை. அந்தக் காலத்தில் பெடியன் என்ன செய்வான், வேறு வழியில்லை என்றார்கள். இவள் என்னத்துக்கு ஒரு நல்ல குடும்பத்தைக் குலைத்தாள், தகப்பன் புத்திதானே மகளுக்கும் என்றார்கள். குகதாசனின் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டு, என் பிள்ளை உனக்கு என்ன செய்தவன் என்று கேட்டாள். கஜேந்தினி போனை வைக்காமல், மற்றவள் அழுது ஓயும்வரை காதில் வைத்திருந்தாள்.

மாசியில் கனகம்மா மகனோடு இருக்கப்போகிறேன் என்று உடுப்புகளை அடுக்கினாள். மகன் திராமனில் இருந்தான். தகப்பன் இறந்தபோது அவனுக்கு நாலு வயது, ஒன்றும் ஞாபகமில்லை, ஞாபகப்படுத்த வேண்டாம் என்றும் அக்காவுக்குச் சொல்லியிருந்தான். கஜேந்தினி பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தாள். தாய் பின்சீற்றில் ஏறி இருந்து, பட்டியைப் போட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமல் சொன்னாள்.

“நீ கொப்பரைப் போலைதான். அந்த மனிசனும் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தால் உயிரோடை இருந்திருக்கும்.”

திராமன் வரைக்கும் நாற்பது நிமிடம். தம்பி வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான், உள்ளே வா என்று சொல்லவில்லை. திரும்பும் வழியில் கஜேந்தினி ஒரு பெற்றோல் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு அழ முயன்றாள். வரவில்லை. ஒரு கோப்பி வாங்கிக் குடித்தாள். அடுத்த நாள் ஐந்தே முக்காலுக்கு அவளுக்கு வேலை. வீதியில் உப்புப் போட்டிருந்தார்கள், சறுக்கவில்லை. முதல் தரிப்பில் ஏழு பேர் நின்றார்கள். கதவைத் திறந்தாள்.